ஆடி மாதத்தில் வீடு மாற்றியவள்

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள். ஹவுஸ் ஓனரோடு சண்டை முற்றி, அவர் "உடனே காலி பண்ணு" என்று கத்தினாலும், "ஆவணி பொறக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரும் அடங்கிவிடுவார். என் மகளுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. ஆரம்பாக்கத்திலிருந்து திருவள்ளூருக்கு எங்கள் வீட்டை மாற்றியது அவள்தான். நாங்கள் மாற்றினோம் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அப்போது அவளுக்கு ஏழு வயது. பேச்சு வரவில்லை. இன்றும் வரவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் முதன்முதலில் சொன்னபோது, "எவ்ளோ நாளைக்கு மருந்து சாப்டணும் சார்?" என்று கேட்டவள் நான். அவர் பாவம், வெகுநேரம் விளக்கினார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இது மருந்தால் போகிற விஷயம் இல்லை, இவள் இப்படித்தான். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தால் தன் வேலையைத் தானே செய்யவும், வேண்டியதைக் கேட்டு வாங்கவும் பழகிக்கொள்வாள். அந்த விவரம் தெரிந்தவர்களைத் தேடுவதே அன்றிலிருந்து என் வேலையாகிப்போனது.

கும்மிடிப்பூண்டிக்கு வாரத்தில் ஒரு நாள் ஒரு டீச்சர் வருவார். தங்கமான மனுஷி. சுற்றுவட்டாரத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் ஒருவர்தான். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியே உட்காரவைத்தார்.

"இவளுக்கு வாரத்துல ஒரு நாள் பத்தாதும்மா. திருவள்ளூர்ல எனக்குத் தெரிஞ்ச மையம் ஒண்ணு இருக்கு. பேச்சுப் பயிற்சிக்கு ஒருத்தவங்க, கை வேலை பழக்க ஒருத்தவங்க, எல்லாம் ஒரே எடத்துல. இடம் கெடைக்கறதுதான் கஷ்டம். இப்ப ஒண்ணு காலியாவுது. வர்ற மாசமே சேத்துடணும். இல்லன்னா வேற கொழந்தைக்குக் குடுத்துடுவாங்க."

வருகிற மாதம் என்றால் ஆடி.

ஆடியாவது ஒரு மாதத்தில் போய்விடும். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரருக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலையில் ஷிப்டு வேலை. அவருக்கும் பக்கம், டீச்சருக்கும் பக்கம் என்று அதற்கு முந்தின வருஷம் கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு வீடு பார்த்துக் குடிபோனோம். காலையில் வண்டியில் சாமான் ஏற்றி, மதியத்துக்குள் எல்லாவற்றையும் அடுக்கியும் முடித்துவிட்டோம். மகள் மட்டும் உள்ளே வரவில்லை. வாசலில் உட்கார்ந்து தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள். சோறு இறங்கவில்லை. தூக்கம் என்பதே இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் அதே வண்டியில் அதே சாமான்களோடு திரும்பி வந்தோம். ஆரம்பாக்கம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிப்போய் அடுப்படிச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் அப்படியே நின்றாள்.

அதனால் மையத்தில் இடம் கிடைத்ததற்கு எனக்குச் சந்தோஷம் பாதிதான். இவள் அந்த ஊரில் இருப்பாளா? இருக்கமாட்டேன் என்றால் தூக்கிக்கொண்டு திரும்பி வர வேண்டியதுதான். வந்துவிட்டால் அந்த இடம் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும். மறுபடி எப்போது கிடைக்கும் என்று யாரும் சொல்லமுடியாது.

என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு அண்ணி, பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்துக்குப் பஞ்சாங்கம், போலீஸ், கோர்ட்டு எல்லாம் அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் குழம்புக் கையோடு எழுந்து வந்தார்.

"ஆடியில ஊடு மாத்தப் போறியா? இன்னாமே, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? கொயந்தைய வச்சிக்கினு செய்யற வேலையா இது?"

"கொயந்தைக்காகத்தான் அண்ணி போறேன்."

அவர் என் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, சட்டம் போட்டவரே சந்தும் கண்டுபிடித்தார்.

"ஒண்ணு பண்ணு. ஆனி முடியறதுக்குள்ள போய் பால் காய்ச்சிட்டு, ஊட்டப் பூட்டிக்கினு வந்துடு. ஆடி பூரா இங்கதான் இருக்கணும். வகுப்புக்கு பஸ்ல போய்ட்டு வா. போவ சொல்ல ஒண்ணு ஒண்ணா பையில போட்டுக்கினு போய் அங்க வை. பையில போனா அது குடிபோறது கெடையாது. வண்டி வச்சி கட்டிலு ஏத்தினாத்தான் குடிபோறது. ஆவணி பொறந்ததும் நைனாவ வண்டி வைக்கச் சொல்றேன்."

நைனா என்றது என் வீட்டுக்காரரை. ஆந்திரா எட்டுகிற தூரத்தில் இருப்பதால் எங்கள் தெருவில் அப்பாவும் நைனாதான், தம்பியும் நைனாதான்.

திருவள்ளூரில் வீடு கிடைப்பது லேசாக இல்லை. பிள்ளையைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறியவர்கள், நேற்றே விட்டுவிட்டோமே என்றவர்கள் எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ரயில் பாதையை ஒட்டி ஒரு வீடு. மாடியில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். யாரும் அந்த வீட்டில் நிலைப்பதில்லையாம், சத்தம் தாங்காமல் போய்விடுகிறார்களாம். நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: "எம் பொண்ணு சில நேரம் கத்துவாம்மா."

"ரயிலு கத்தாத கத்தா உம் பொண்ணு கத்திடப் போறா?" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அந்த வீட்டை எடுத்தேன்.

ஆனி கடைசியில் பால் காய்ச்சினோம். காலி வீட்டில் ஒரு அடுப்பு, உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர். பால் பொங்கி வழிந்து அடுப்பில் தீய்ந்தது. அண்ணி நல்ல சகுனம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மகளுக்கு அந்தத் தீய்ந்த வாசனை ஆகவில்லை. வெளியே ஓடி, கேட்டைப் பிடித்துக்கொண்டு அலறினாள். மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். ரயிலே தேவலை என்று நினைத்திருப்பார்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: "ஆவணியில நீங்க ரெண்டு பேரும் போங்க. எனக்கு ஷிப்டு. அக்கா ஊட்ல சாப்டுக்கினு நான் இங்கயே இருந்துக்கறேன். லீவு அன்னிக்கி வரேன். நான் இருந்தா அவளுக்கு இன்னா, இல்லன்னா அவளுக்கு இன்னா?"

அது அவருக்குப் பழைய வலி. ஆலையிலிருந்து வந்ததும் பின்வாசற்படியில் தோட்டத்தைப் பார்த்து உட்கார்ந்து டீ குடிப்பார். அவள் வந்து, வீட்டைப் பார்த்தபடி, அவர் முதுகோடு தன் முதுகை ஒட்டவைத்து உட்காருவாள். அவ்வளவுதான். முகத்தைப் பார்க்க மாட்டாள். அவர் ஆசையாகத் திரும்பினால் எழுந்து போய்விடுவாள். மற்ற பிள்ளைகள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே ஓடிவந்து அப்பாவின் கையிலிருக்கும் பையைப் பிடுங்கும். "எம் பொண்ணுக்கு நான் ஒரு செவுரு" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

ஆடி பிறந்தது. வகுப்புக்குப் போகிற முதல் நாள், அண்ணி சொன்னபடி ஒரு பையில் எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கி வைத்தேன். செருப்பு மாட்டிக்கொண்டு திரும்பினால், டப்பாக்கள் தரையில் உருண்டுகொண்டிருந்தன. பையில் கைப்பிடி உடைந்த ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மக் இருந்தது. எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலில் கிடக்கும் மக் அது. நான் குப்பையில் போடுவதும் அவள் எடுத்துவந்து ஜன்னலில் வைப்பதும் எங்கள் வீட்டில் ஓயாத சண்டை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மக்காவது மண்ணாங்கட்டியாவது என்று கிளம்பிவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி வரை ரயில். அங்கிருந்து பெரியபாளையம் வழியாக பஸ் மாறிப் போக வேண்டும். ஆடியில் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டத்தைச் சொல்லவேண்டியதில்லை. மஞ்சள் சேலை, வேப்பிலை, பம்பைச் சத்தம், பொங்கல் வைக்கும் புகை, நகராத பஸ். நான் பயந்தேன். அவள் மக்கை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பெண், "கொளத்துல தண்ணி மொள்ள எடுத்துக்கினு போறியா கண்ணு? நல்லா வேண்டிக்கோ" என்றாள். வேண்டிக்கொண்டது நான்தான்.

மையத்தில் ஒரு இளம் டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தார். என் மகளைக் கூப்பிடவும் இல்லை, தொடவும் இல்லை. தன்பாட்டுக்கு மணிகளைக் கோத்துக்கொண்டிருந்தார். வகுப்பு நேரம் பூராவும் இதுதான் என்றால் இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு உள்ளே கொதித்தது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து என் மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு மணியை எடுத்து நீட்டினாள். யாரும் இழுக்காமல், யாரும் மிரட்டாமல், அவளாகப் போன அந்த நாலடி தூரத்தைப் பார்த்து என் கொதிப்பெல்லாம் அடங்கிப்போனது.

வகுப்பு முடிந்து புது வீட்டுக்குப் போனபோது மூன்று மணி தாண்டிவிட்டது. கதவைத் திறந்துவிட்டு நான் ஒதுங்கி நின்றேன். டீச்சரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அவள் மக்கோடு உள்ளே போனாள். ஒரு ஜன்னலில் அதை வைத்தாள், தரையைப் பார்த்தாள், எடுத்துவிட்டாள். அடுத்த ஜன்னலில் வைத்தாள், தரையைப் பார்த்தாள், எடுத்தாள். கடைசியில் ரயில் பாதைப் பக்கத்து ஜன்னலில் வைத்ததும் வெயில் மக்குக்குள் புகுந்து, சிமென்ட் தரையில் சிவப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அவள் அதன் அருகே உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து அந்தச் சிவப்பை ஏந்திக்கொண்டாள்.

ஆரம்பாக்கத்தில் தினமும் மத்தியானம் அவள் இப்படிக் கையை விரித்துக்கொண்டு உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். என் வீட்டில், என் கண்ணெதிரே, இப்படி ஒரு அழகு நாள்தோறும் நடந்திருக்கிறது.

அதற்குப் பிறகு பையில் எதை வைப்பது என்று நான் முடிவு செய்யவில்லை. வகுப்புள்ள நாளெல்லாம் அவளே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தாள். பழைய காலண்டர் அட்டை ஒன்று வந்தது. கிழிந்த கோரைப்பாய் ஒன்று வந்தது. அண்ணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளவே நேரம் சரியாக இருந்தது. "இன்னாமே இது, அண்டா குண்டானெல்லாம் உட்டுட்டு ஓட்டை ஒடசல எத்துக்கினு போறீங்க? பாக்கறவன் பழைய சாமான் எடுக்கற பேரிச்சம்பழக்காரங்கன்னு நெனச்சிக்கப் போறான்."

ஒரு நாள், எங்கள் அடுப்படிச் சுவரில் எப்போதும் சாய்ந்து நிற்கும் பெரிய சோற்றுக் குண்டானின் மூடியை எடுத்தாள். பஸ்ஸில் அதை இருவரும் மடியில் வைத்துக்கொண்டு போனோம். புது வீட்டில் அதை ஒரு சுவரில் சாய்த்துவிட்டு, பக்கத்திலேயே சுவரில் கன்னம் வைத்துக் காத்திருந்தாள். ரயில் போனது. அவளுக்குப் பிடிக்கவில்லை. வேறு சுவருக்கு மாற்றினாள். அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தாள். இரண்டு வண்டிகள் போன பிறகு அடுப்படிச் சுவரில் கொண்டுபோய்ச் சாய்த்தாள். அப்போது ஒரு நீளமான கூட்ஸ் வண்டி வந்தது.

மூடி மெதுவாக அதிரத் தொடங்கியது. நானும் சுவரில் கன்னத்தை வைத்தேன். ம்ம்ம் என்று ஒரு சத்தம் சுவருக்குள்ளிருந்து என் பல்லுக்குள், எலும்புக்குள் வந்தது. ஆரம்பாக்கம் வீட்டுக்குப் பின்னாலும் ரயில் பாதைதான். கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பி வந்த அன்று அவள் ஏன் அந்தச் சுவரிடம் ஓடினாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது வேறு பாதை, வேறு ஊர்களுக்குப் போகிற வண்டி. ஆனால் அதே ம்ம்ம். எல்லாரும் சத்தம் தாங்காமல் ஓடிய வீடு என் மகளுக்கென்றே கட்டிவைத்ததுபோல் இருந்தது. நாங்கள் இருவரும் கன்னத்தை எடுக்காமல், அந்த வண்டியின் கடைசிப் பெட்டி போகும்வரை நின்றோம்.

மையத்தில் இதைச் சொன்னபோது அந்த இளம் டீச்சர் சிரித்தார். "புது வீட்ட கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்கன்னு நாங்க உங்களுக்குச் சொல்லித் தரலாம்னு இருந்தோம். இவ எங்களுக்கே சொல்லித் தர்றா." அந்த மாதம் முடிவதற்குள், தாகம் எடுத்தால் தண்ணீர்ப் படம் போட்ட அட்டையை எடுத்து நீட்டவும் அவள் பழகிவிட்டாள். முதல்முறை அவள் என்னிடம் அதை நீட்டியபோது நான் ஓடிப்போய் மொண்டுவந்த அவசரத்தில் பாதித் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. புது வீட்டின் பின்வாசற்படிக்குப் பக்கத்தில் எதையும் வைக்க அவள் விடவில்லை. துடைப்பத்தை வைத்தேன், தூக்கி எறிந்தாள். வாளியை வைத்தேன், தள்ளிக்கொண்டுபோய் வெளியே விட்டாள். நான் அரிசி டிரம்முக்கு அந்த இடத்தைத்தான் மனதில் வைத்திருந்தேன். "அங்க இன்னாடி கொண்டாந்து வைக்கப் போற நீ?" என்று கேட்டுச் சலித்துப்போனேன். ஆடி முடியும்வரை அந்த இடம் காலியாகவே கிடந்தது.

ஆவணி பிறந்து ஒரு நல்ல நாளில் என் வீட்டுக்காரர் குட்டி யானை வண்டி வைத்தார். கட்டில், பீரோ, அரிசி டிரம், எல்லாம் ஏறின. அண்ணியும் கூடவே வந்தார். பிள்ளை உள்ளே வரமாட்டாளோ என்று வழியெல்லாம் எனக்குப் பயம். கதவைத் திறந்ததும் எங்கள் எல்லாருக்கும் முன்னால் அவள் உள்ளே போனாள். மக்கைப் பார்த்தாள். மூடியைத் தொட்டாள். கட்டிலைக் கொண்டுவந்து போட்டபோது அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் வீடு முன்பே வந்துவிட்டிருந்தது, நாங்கள்தான் மிச்சச் சாமான்.

எல்லாம் அடுக்கி முடிந்தது. அவருக்கு அடுத்த ஷிப்டு இருந்தது. அதே வண்டியில் அண்ணியோடு திரும்பிப் போவதாக ஏற்பாடு. ஷூவை மாட்டிக்கொண்டு, எப்போதும்போல் பதிலை எதிர்பார்க்காமல், "வரேன் பாப்பா" என்றார்.

அவள் எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். தானாக அவள் யார் கையையும் பிடித்ததில்லை. அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். மேலே இருந்து எதையாவது எடுத்துத் தரச் சொல்கிறாளோ என்று அலமாரிப் பக்கம் திரும்பினார். அவள் விடவில்லை. கூடம் தாண்டி, அடுப்படி தாண்டி, பின்வாசற்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கையாலும் அவர் தோளை அழுத்தினாள். அங்கேயும் பின்னால் இருந்த சின்னத் தோட்டத்தைப் பார்த்து அவர் உட்கார்ந்தார்.

அவள் தள்ளி நின்று பார்த்தாள். சரியில்லை. திரும்பி வந்து, மூடியைச் சரிசெய்த அதே கவனத்தோடு, அவரை இடது பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினாள். மறுபடி தள்ளி நின்று பார்த்தாள். பிறகு போய் அவர் முதுகோடு தன் முதுகை ஒட்டவைத்து உட்கார்ந்து, வீட்டைப் பார்த்தாள்.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாக அவர் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காத பிள்ளை, அவர் இல்லாமல் அது வீடே இல்லை என்று அந்த இடத்தை ஒரு மாதமாகக் காவல் காத்திருக்கிறாள். வாய் இருந்தும் எங்கள் யாருக்கும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியாது.

இப்போது அவர் திருவள்ளூரிலிருந்துதான் வேலைக்குப் போய் வருகிறார். ஜெனரல் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டார். விடியுமுன் கிளம்பி, பெரியபாளையம் பஸ்ஸில் தூங்கி வழிந்து, ஆடியில் கூட்டத்தைத் திட்டிக்கொண்டு போகிறார். பேஜாரு பிடித்த பாதை என்று தினமும் புலம்புவார். ஒரு நாளாவது ஆரம்பாக்கத்தில் தங்கிவிட்டு வா என்றால் காதில் விழாததுபோல் இருப்பார்.

அன்றைக்கு வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். இரண்டாம் முறையும் அடித்தார். பின்வாசற்படியிலிருந்து அவர் குரல் மெதுவாக வந்தது.

"அக்கா, நீ போ. நான் வர்ல."

"ஷூவயாவது கழட்டுய்யா" என்றேன் நான், அழுதுகொண்டே.

அவர் கழற்றவில்லை. குனிந்தால் முதுகு விலகிவிடும் என்று, இருட்டும்வரை அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.